ஏலத்தில் எடுத்த வீடும் எஸ்.எஸ்.ஐ. முத்துராமலிங்கமும்

சிறப்பு உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற முத்துராமலிங்கம் தன் வாழ்நாளில் யாரையும் தனிப்பட்ட விரோதத்தால் சந்தேகித்தவர் அல்லர். எல்லோரையும் சமமாகவே சந்தேகித்தார். பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கோயில் குருக்கள், சொந்த மச்சினன் என்று ஒருவரையும் விட்டதில்லை. இந்த விஷயத்தில் அவர் ஆள் பார்த்து நடந்தார் என்று எதிரிகூடச் சொல்ல முடியாது.

வீரகேரளம்புதூர் பக்கத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் பட்டாளத்துக்கும் மீதிப்பேர் போலீசுக்கும் போவது வழக்கம். இவர் போலீசுக்குப் போனார். போனவரை மேலதிகாரிகள் சரியாக அடையாளம் கண்டு தனிப்பிரிவில் போட்டார்கள். ஊரில் எதுவும் நடக்கவில்லை என்பதை, அது நடக்காமல் இருக்கும்போதே கண்டறிந்து மேலிடத்துக்குச் சொல்வதுதான் அங்கே வேலை. ஒருமுறை சுரண்டையில் ஒரு கல்யாண வீட்டுக்கு வெளியூர்க் கார்கள் வந்து நின்றன என்பதற்காக, தாலி கட்டி, பந்தி முடிந்து, பந்தல் பிரிக்கும் வரை வேப்பமரத்தடியில் நின்று கண்காணித்தார். அன்று அவர் அனுப்பிய அறிக்கை: "நிகழ்ச்சி அமைதியாக முடிந்தது. ஆயினும் அமைதி வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது."

இப்படிப்பட்டவரிடம் அவர் மனைவி வள்ளித்தாய் வேலைக்காலம் முழுவதும் ஒன்றும் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற அன்று ஒன்று கேட்டாள். சொந்த வீடு. கல்யாணமான நாளிலிருந்து போலீஸ் குவார்ட்டர்ஸ்தான். எந்தச் சுவரும் அரசாங்கச் சுவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து தென்காசியில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனபோது, சாமான் கட்டுகளை அவள் பிரிக்கவே இல்லை. "சொந்த வீட்டுல போயித்தான் பிரிப்பேன்" என்று சொல்லிவிட்டாள். முத்துராமலிங்கம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தார்.

வீடு பார்க்காமலும் இல்லை. விற்பவர் விலையைக் குறைத்தால், ஏன் குறைக்கிறான் என்று திரும்பி வந்தார். குறைக்காவிட்டால், யார் தைரியத்தில் இப்படிப் பேசுகிறான் என்று திரும்பி வந்தார். தரகர்கள் அவரைக் கண்டால் பஸ் ஏறிவிடும் நிலை வந்தது. அப்போதுதான் செய்தித்தாளில் ஒரு வங்கியின் ஏல அறிவிப்பைப் பார்த்தார். குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவே, மாடி வைத்த வீடு, பின்பக்கம் ஓட்டுச் சாய்ப்பு, நாலு பக்கமும் எல்லை தெளிவு. கடைசியில் ஒரு வரி: சொத்து உள்ளது உள்ளபடி, எங்கே உள்ளதோ அங்கே உள்ளபடி, என்னென்ன உள்ளதோ அவையெல்லாம் உள்ளபடி விற்கப்படும்.

உண்மை சொல்பவன் ஒருமுறை சொன்னால் போதுமே, மூன்று முறை எதற்கு என்று அறிவிப்பைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வக்கீல் மணிகண்டபிரபுவிடம் போனார்.

மணிகண்டபிரபு தென்காசி கோர்ட்டில் சிவில் வழக்குகள் பார்ப்பவர். இளைஞர். முத்துராமலிங்கம் சாட்சிக் கூண்டில் நின்ற காலத்தைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்தவர்.

"டிஸ்ட்ரெஸ்டு ப்ராப்பர்ட்டி அண்ணாச்சி இது" என்றார்.

"சொத்துக்கு என்னவே துயரம்?"

"சொத்துக்கு இல்ல, வச்சிருக்கவனுக்கு. கடன வாங்கிட்டுக் கட்ட முடியாமப் போன வீடு. சிலபேரு பேங்க் வாரதுக்கு முன்னால கிடைச்ச விலைக்குத் தள்ளிவிட்ருவான். சிலது பேங்க்கே நோட்டீஸ் குடுத்து, எடுத்து, ஏலத்துக்கு விட்ரும். சிலது கேஸ்ல கெடந்து பாழாப் போவும். நம்ம சட்டப் புத்தகத்துல இதுக்குன்னு தனியா ஒரு விளக்கம் கிடையாது அண்ணாச்சி. எல்லாத்துக்கும் சேத்து வியாபாரத்துல வச்ச பேரு. விக்கவனுக்கு வேற வழி இல்ல, அதனால விலை கம்மி, அதனால வாங்குதவன் கண்ண முழிச்சிப் பாத்து வாங்கணும். அவ்வளவுதான் அர்த்தம்."

"இது எந்த வகை?"

"பேங்க் எடுத்தது. ஆனா குறியீட்டுச் சுவாதீனம்னு போட்ருக்கான் பாருங்க. கதவுல நோட்டீஸ ஒட்டி, பேப்பர்ல விளம்பரம் குடுத்தாச்சு. சட்டப்படி வீடு இப்ப பேங்க் கையில. உள்ள ஆள் இருக்கானா இல்லியான்னு பேங்க் சொல்லாது. இருந்தா, பொறவு பேங்க் கோர்ட்ல மனுப் போட்டு, கோர்ட்டு அனுப்புத வக்கீல் கமிஷனர் வந்து, ஆளை எறக்கிவிட்டு, அப்பந்தான் உங்க கைக்குச் சாவி வரும்."

"ஆள் இல்லன்னா?"

"இல்லன்னா ஜாலிதான்."

வக்கீல் ஒருவர் ஜாலி என்று சொல்லி முத்துராமலிங்கம் கேட்டதில்லை. அந்தச் சொல்லே அவரை அன்று முழுவதும் தொந்தரவு செய்தது. ஆனாலும் விஷயம் ஒரே கேள்வியில் வந்து நின்றதில் அவருக்குத் திருப்தி. உள்ளே ஆள் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை காண அவரைவிடத் தகுதியானவர் மாவட்டத்திலேயே கிடையாது.

பங்குனி வெயிலில் கண்காணிப்பு தொடங்கியது. வீட்டுக்கு எதிரே ராபியா என்ற அம்மாள் நடத்தும் டீக்கடை. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு போல ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முத்துராமலிங்கம் தினமும் அங்கே வந்து உட்கார்ந்தார். மீசையையும் பழுப்பு நிற ஷூவையும் மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. முதல் நாளே ராபியா தன் வீட்டுக்காரரிடம் "போலீசு வந்து உக்காந்திருக்கு, அவுக கேக்காம யாரும் வாயத் தொறந்துராதிய" என்று சொல்லிவிட்டாள். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அந்த உத்தரவு போய்ச் சேர்ந்தது. முத்துராமலிங்கமோ யாரையும் எதையும் கேட்பதில்லை என்று விரதம் பூண்டிருந்தார். கேட்டால் வீட்டின் மேல் ஆசை இருக்கிறது என்று தெரிந்துவிடும்; தெரிந்தால் ஏலத்தில் போட்டிக்கு ஆள் வரும். ஆக, ஒரு தரப்பு கேட்காமலும் மறுதரப்பு சொல்லாமலும் அந்த டீக்கடையில் வரலாறு காணாத மௌனம் நிலவியது. அருவியிலும் தண்ணீர் இல்லாததால் அந்தச் சத்தமும் கிடையாது.

அவர் பார்த்தவரை வீட்டில் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் தூசி. வாசலில் சருகு. மின்சார மீட்டர் சுற்றவில்லை. கதவில் வங்கியின் நோட்டீஸ் வெயிலில் மஞ்சளித்துக்கொண்டிருந்தது. தன் பழைய டைரியில் எழுதுவது போலவே மனதுக்குள் எழுதிக்கொண்டார்: ஆள் நடமாட்டம் அறவே இல்லை.

சீசன் ஊரில், சீசன் இல்லாத மாதத்தில், ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அதிலிருந்து ஒன்றுமே தெரியாது என்பது அந்தத் தெருவில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். சாரல் விழும்போது குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்பவர்கள், வெயில் ஏறியதும் வீட்டைப் பூட்டிவிட்டு, செங்கோட்டையைத் தாண்டிக் கொல்லம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்குக் கடை போடப் போய்விடுவார்கள். முதல் சாரலுக்குத் திரும்பி வருவார்கள். ராபியாவிடம் ஒரு டீயும் ஒரு கேள்வியும் கேட்டிருந்தால் போதும். முத்துராமலிங்கம் டீயை மட்டும் கேட்டார்.

சித்திரையில் கம்ப்யூட்டர் மூலம் ஏலம் நடந்தது. எதிரே இன்னொருவர் ஒரே ஒருமுறை விலையை ஏற்றிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினான் என்று யோசிப்பதற்குள் வீடு முத்துராமலிங்கத்தின் பெயருக்கு வந்துவிட்டது. ஓய்வின்போது வந்த பணம் முழுவதையும் கொண்டுபோய்க் கட்டினார். இனி அந்த வீடு கிடைக்காவிட்டால் வேறு வீடும் இல்லை, வாங்க வழியும் இல்லை. விற்பனைச் சான்றிதழைக் கொடுத்த வங்கி அதிகாரி, கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவரைப் போல, "எங்க பொறுப்பு இதோட முடிஞ்சிது சார்" என்று கைகுலுக்கினார்.

ஆனி பிறந்து, மலையில் மேகம் இறங்கியது. நல்ல நாள் பார்த்து, புதுப் பூட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, வள்ளித்தாயுடன் ஆட்டோவில் போய் இறங்கினார். வாசலில் வெளி மாவட்டக் கார்கள் நின்றன. மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க ஈரத் துண்டுகள். உள்ளிருந்து மசாஜ் எண்ணெய் வாசனையும் யாரோ பாட்டுப் போடும் சத்தமும் வந்தன. அரைக்கால் சட்டையோடு ஒருவர் தலையில் எண்ணெய் வழிய வெளியே வந்து, "அருவியில கூட்டம் எப்படிங்க?" என்று முத்துராமலிங்கத்தையே விசாரித்துவிட்டுப் போனார்.

பின்னாலிருந்து சிப்ஸ் சட்டுவமும் கையுமாக ஒருவர் ஓடி வந்தார்.

"ரூம் வேணுமா அண்ணாச்சி? இன்னைக்கு ஃபுல்லு. ஞாயித்துக்கெழம பாக்கட்டுமா?"

"இது என் வீடுவே."

அவர் சட்டுவத்தைக் கீழே வைத்தார். "ஓ, ஏலத்துல எடுத்தது நீங்கதானா? வாங்க, வாங்க. ஏட்டி சங்கரேஸ்வரி, வீட்டுக்காரவுக வந்துருக்காவ, காப்பி போடு."

அவர்தான் குற்றாலீஸ்வரன். கடன் வாங்கி மாடி கட்டிய வீட்டுக்காரர். சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறைவிட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று கட்டினார். மாடி முடிந்ததும் கொரோனா வந்து அருவியில் குளிக்கவே தடை போட்டுவிட்டார்கள். குளிக்கத் தடை உள்ள குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்குகிறவன் யார்? வட்டி மட்டும் தடையில்லாமல் வந்தது. இதை அவர் காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"வீடு உங்களது அண்ணாச்சி. நான் இல்லன்னா சொல்லுதேன்? ஆனா சீசனுக்கு ஆள்கள்ட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன்லா. பெரிய வீட்டை அவுகளுக்கு விட்டுட்டு நாங்க சாய்ப்புலதான் கெடக்கோம். ஆவணி பொறக்கட்டும். சாவியை உங்க கையில தந்துட்டுப் போயிருதோம்."

வள்ளித்தாய் புருஷனின் கையைத் தொட்டாள். "சரின்னு சொல்லுங்க. நல்ல மாதிரியால்லா பேசுதாவ."

முத்துராமலிங்கம் அவளைத் தெருவுக்கு அழைத்து வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, விசாரிக்காமலே ஒருத்தன் ஒத்துக்கிடுதாம்னா அதுல என்னமோ இருக்கு. என் சர்வீசுல இப்படி ஒருத்தனப் பாத்ததில்ல."

"உங்க சர்வீசுல நீங்க நல்லவனையே பாத்ததில்ல. அதுக்கு அவரு என்ன செய்வாரு?"

எதிர்க்கடையிலிருந்து ராபியா எட்டிப் பார்த்தாள். "அவுகதான் வருசா வருசம் சாரலுக்கு வந்துருவாகளே சார். பங்குனி பூரா இங்கனதான உக்காந்திருந்திய. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்லா?"

"நீங்களா ஏன் சொல்லல?"

"போலீசுக்காரவுக கேக்காம நாங்க எதுக்குச் சார் சொல்லணும்?"

இந்தப் பதிலில் குற்றம் காண அவரால் முடியவில்லை. அதனால் ராபியாவையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

ஆவணி வரை பொறுக்காமல் அவர் நெருக்கியதால் வங்கி கோர்ட்டில் மனுப் போட்டது. போட்டது வங்கி என்றாலும், அதற்கான குறிப்புகள் முத்துராமலிங்கம் கைப்பட எழுதித் தந்தவை. அதில் அவருடைய அனுபவம் முழுவதையும் இறக்கியிருந்தார். உத்தரவு வரும்வரை சும்மா இருக்கவேண்டியதுதான். சும்மா இருக்கும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஏலம் போன வீடுகளில் ஆட்கள் காலி செய்யும்போது ஃபேன், மோட்டார், ஜன்னல் கம்பி, நிலைக்கதவு வரை கழற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். குற்றாலீஸ்வரன் ஆவணி வரை தவணை கேட்டது வேறு எதற்கு? நிதானமாகக் கழற்றத்தான்.

வடகரையில் இருக்கும் மச்சினன் மூலம், மச்சினன் பெயரிலேயே, போன் போட்டு மாடியில் ஒரு அறையைப் பிடித்தார். வடகரையிலிருந்து ஒரு குடும்பம் நீண்ட நாள் தங்க வருகிறது என்று ஏற்பாடு. குல்லாவும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, வள்ளித்தாயை முன்னே விட்டுப் பின்னால் ஏறினார். குற்றாலீஸ்வரன் அறைச் சாவியை நீட்டி, முகம் மாறாமல் கேட்டார்: "வாங்க அண்ணாச்சி. வடகரையில மழை எப்படி?"

"பரவால்ல" என்றார் முத்துராமலிங்கம்.

சீசன் வாடகை சீசன் வாடகைதான். குற்றாலீஸ்வரன் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் சந்தேகம் வரும் என்று தெரிந்துதான் குறைக்கவில்லையோ என்று முத்துராமலிங்கத்துக்குத் தோன்றியது. வக்கீலுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுக்கு நீங்களே வாடகை குடுத்துட்டு இருக்கியளா?"

"கண்காணிப்புவே."

"சரி. வெளிய யார்ட்டயும் சொல்லிராதிய. எனக்குத்தான் அசிங்கம்."

காலையில் எழுந்ததும் முத்துராமலிங்கம் ஃபேன்களைப் பார்வையிடுவார். பிறகு மோட்டார். பிறகு கதவுகளின் கீல். ஒன்றும் கழலவில்லை. கழலாததோடு, ஒருநாள் குற்றாலீஸ்வரன் புது மோட்டாரே கொண்டுவந்து மாட்டினார்.

"விட்டுட்டுப் போற வீட்டுக்கு எவனாவது மோட்டார் வாங்குவானா?" என்று பின்னால் வந்து நின்றார் முத்துராமலிங்கம்.

"தண்ணி வரலன்னா பார்ட்டி என்னையல்லா ஏசுதான்? நீங்களே நேத்து ஏசுனியளே அண்ணாச்சி."

வள்ளித்தாய் இதற்குள் தென்காசியிலிருந்து அடுப்பையும் கிரைண்டரையும் வரவழைத்துவிட்டாள். காலையில் சங்கரேஸ்வரியோடு பழைய குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாள். மத்தியானம் இருவரும் சாய்ப்பில் உட்கார்ந்து நேந்திரங்காய் சீவினார்கள். எதிரியின் கூடாரத்தில் சிப்ஸ் சீவுவது முறையா என்று கேட்டவரிடம், "ஒரு கை குறையுது, நீங்களும் வந்து சீவுங்க" என்றாள். பீரோவும் கட்டிலும் எப்போது வந்தன என்பது அவருக்கே தெரியாது. அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கிய அன்றுதான் கவனித்தார்.

ஆவணி பிறந்தது. சாரல் இளைத்தது. கார்கள் போயின. குற்றாலீஸ்வரன் சொன்னபடி ஒரு மினிலாரியில் வாணலி, சிலிண்டர், படுக்கை எல்லாவற்றையும் ஏற்றினார். ஓணத்துக்குக் கேரளத்தில் சிப்ஸ் நன்றாகப் போகும். சங்கரேஸ்வரி எல்லா அறைகளையும் பெருக்கி, துடைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தாங்க அண்ணாச்சி சாவி."

முத்துராமலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கோர்ட்டு மூலமா வந்தாத்தான் வாங்குவேன்."

"நான்தானே அண்ணாச்சி தாரேன்?"

"இன்னைக்குத் தருவ. நாளைக்கு, போலீசுக்காரன் மெரட்டிப் பிடுங்கிட்டாம்னு கேஸ் போடுவ. எங்களுக்குத் தெரியாதா?"

குற்றாலீஸ்வரன் சாவியை வள்ளித்தாயிடம் கொடுத்து, "அக்கா, சாய்ப்புல ஒரு ஓடு ஒடஞ்சிருக்கு, ஐப்பசிக்கு முன்னால மாத்திருங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். லாரி செங்கோட்டைப் பக்கம் திரும்பியது.

இரண்டு நாளில் கோர்ட்டு நியமித்த கமிஷனர் வந்துவிட்டார். கல்யாணசுந்தரி என்ற வக்கீல் அம்மா. கறாரானவர் என்று பெயர். கூடவே வங்கி அதிகாரி, கிராம நிர்வாக அலுவலர், பாதுகாப்புக்கு இரண்டு போலீசார். அவர்களில் ஒருவன் மாரிச்செல்வம், முத்துராமலிங்கத்திடம் வேலை பழகியவன். தன் துறை தன் வாசலுக்கு வந்ததைக் கண்டு முத்துராமலிங்கத்துக்கு உடம்பு விறைத்தது. கைலியோடு நின்றே சல்யூட் அடித்தார்.

"வாங்க மேடம். உங்களைத்தான் எதிர்பாத்துட்டு இருக்கேன்."

"நீங்க யாரு?"

"வீட்ட ஏலத்துல எடுத்தவன்."

கமிஷனர் வங்கி அதிகாரியைப் பார்த்தார். அந்த அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்தவர்; முத்துராமலிங்கத்தைப் பார்த்ததில்லை. உதட்டைப் பிதுக்கினார்.

"எடுத்தவரு வெளிய இல்ல நிக்கணும்? நீங்க எப்படி உள்ள இருக்கிய?"

"வாடகைக்கு."

"யாருக்கு வாடகை?"

முத்துராமலிங்கம் வாழ்நாளில் எத்தனையோ பேரை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர். தானே வந்து நின்றது இப்போதுதான். "குற்றாலீஸ்வரனுக்கு" என்றார்.

"அப்ப நீங்க கடன்காரரோட வாடகைதாரரு. அறை யார் பேருல இருக்கு?"

"வடகரை மச்சினன் பேருல."

கல்யாணசுந்தரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மனுவைப் புரட்டினார். "இங்கன பாருங்க, பேங்க் மனுவுல தெளிவாப் போட்ருக்கு. 'உள்ளே இருப்போர் மிகுந்த தந்திரசாலிகள். வெவ்வேறு பெயர்களும் உறவுகளும் சொல்லக்கூடியவர்கள். தாங்களே உரிமையாளர் என்றும் சொல்லத் துணிவார்கள். எதை நம்பியும் நடவடிக்கையைத் தாமதிக்க வேண்டாம்.'"

அது முத்துராமலிங்கத்தின் நடை. ஒரு சொல்கூட வங்கி மாற்றவில்லை.

"இதை எழுதுனதே நாந்தான் மேடம்."

"இதையும் சொல்லுவாகன்னு அடுத்த வரியில போட்ருக்கு" என்றார் கமிஷனர். "சான்றிதழ் இருக்கட்டும், ஏலம் எடுத்தவரா இருக்கட்டும், உத்தரவுல, உள்ள இருக்க ஆளையும் சாமானையும் வெளியேத்தி, வீட்டைக் காலியா பேங்க்கிட்ட ஒப்படைக்கணும்னு இருக்கு. நான் அதைத்தான் செய்ய முடியும். அதுக்குப் பொறவு பேங்க் யாருக்குக் குடுக்கோ குடுக்கட்டும்."

முத்துராமலிங்கம் வாதத்தில் ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை. கமிஷனர் இடத்தில் அவர் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்.

"ஐயா, தப்பா நினைக்காதிய" என்று மாரிச்செல்வம் கிரைண்டரைத் தூக்கினான்.

வள்ளித்தாய் வாசலில் நின்று எல்லோருக்கும் பொதுவாகப் பேசினாள். "ஏலே மாரிச்செல்வம், உனக்கு எத்தனை நாள் சோறு போட்ருக்கேன். அந்த அரிசிச் சாக்கைத் தரையில போடாத, நனையுது. இவருக்கு நல்லா வேணும். சாவியைக் கையில குடுத்தானே, வாங்குனாரா? கேளுங்க மேடம்."

"பீரோவை அப்படிப் பிடிக்காத லே" என்றார் முத்துராமலிங்கம். "சாய்ச்சு எறக்கு. கண்ணாடி இருக்கு." தன் வெளியேற்றத்தைத் தானே மேற்பார்வையிட்டார். நடைமுறை தவறக்கூடாது என்பதில் அவர் எப்போதும் உறுதியானவர்.

கட்டில், பீரோ, அட்டைப் பெட்டிகள், மிளகாய் டப்பா எல்லாம் தெருவோரம் வந்தன. சாரல் முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன அந்த நாளில் மெல்லிய தூறல் விழுந்தது. ராபியா கடைத் தார்ப்பாயைக் கொண்டுவந்து பெட்டிகள் மேல் மூடினாள். உள்ளே ஆள் யாரும் இல்லை என்று கமிஷனர் அறை அறையாகப் பார்த்து எழுதினார். வள்ளித்தாயிடம் சாவியை வாங்கிக் கதவைப் பூட்டினார். சாவியை வங்கி அதிகாரியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அதிகாரி இரண்டு எட்டு நடந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நனைந்து நின்ற முத்துராமலிங்கத்திடம் வந்து, சான்றிதழைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி, சாவியைக் கொடுத்துக் கைகுலுக்கினார். ஜீப் கிளம்பியது.

முத்துராமலிங்கம் சாவியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். வள்ளித்தாய் அதைப் பிடுங்கி, கதவைத் திறந்து, அரிசிச் சாக்கை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னல் திறந்தது.

"உள்ள வாரியளா, இல்ல நான் பூட்டிக்கிடட்டுமா?"

"வாரேன், வாரேன்" என்றார். ஆனால் நகரவில்லை. செங்கோட்டை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பய ஒரு ஃபேனக்கூடக் கழட்டாமப் போயிருக்கானே, ஏன்னுதான் யோசிக்கேன்."